பாதி கழுவிய காப்பு

1948 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 1949 மார்ச் 31 வரை, நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில், மக்களிடம் இருந்த காப்புக் காசுகளை அரசாங்கம் வாங்கிக்கொண்டு ஷில்லிங் நாணயம் கொடுத்தது. அந்தத் தேதிக்குப் பிறகு காப்புக் காசு செல்லாது.

மார்ச் 30, புதன்கிழமை. இகோட் அன்வானா ஊரின் நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் நின்ற வரிசை, மாமரத்தைச் சுற்றிக்கொண்டு சந்தைப் பாதை வரைக்கும் போயிருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. எல்லாரும் விடிந்ததிலிருந்து சுமை தூக்கி நடந்து வந்தவர்கள்.

பத்து வயது இக்வோ தன் கூடையைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அது நகரவில்லை. முன்னால் நிற்பவர் ஓர் அடி எடுத்து வைத்தால், அவளும் அம்மாவும் குனிந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு கூடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் அடி இழுக்க வேண்டும். இழுத்துவிட்டு நிமிர்வதற்குள் முன்னால் இருப்பவர் மறுபடி நகர்ந்திருப்பார். இல்லையென்றால் நெடுநேரம் நகரவே மாட்டார். இரண்டுமே களைப்பாகத்தான் இருந்தது.

"பேசாம தலையிலயே வச்சிருந்திருக்கலாம்மா," என்றாள் இக்வோ.

"வச்சிருந்தா கழுத்து உடம்புக்குள்ள போயிருக்கும்," என்றாள் அம்மா. அவள் பெயர் அகோன். தலையிலிருந்து எடுத்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே துணியால் இக்வோவின் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

கூடைகளில் இருந்தவை காப்புகள். விரல் தடிமன் உள்ள உலோகக் கம்பியை வளைத்து, இரண்டு முனைகளையும் ஆட்டுக் குளம்பு போல விரித்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் யாரும் போட்டுக்கொள்வதில்லை. அவற்றைக் கொடுத்து உப்பு வாங்கலாம், சேப்பங்கிழங்கு வாங்கலாம், ஆடு வாங்கலாம். இக்வோ பிறந்தபோது மருத்துவச்சிக்கு அம்மா கொடுத்ததும் காப்புதான்.

இனி அது முடியாது. தகரம் விற்கிற கடைக்காரர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்: ஷில்லிங் இருந்தால் வா, காப்பு என்றால் வராதே.

அம்மாவுக்குத் தகரம் வேண்டும். வீட்டுக் கூரை ஓலைப்பாய் வேய்ந்தது. போன மழைக்காலத்தில் அது எங்கே ஒழுகும், எப்போது ஒழுகும் என்று சொல்ல முடியவில்லை. இக்வோவும் தம்பியும் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் விழிப்பார்கள். தம்பிக்கு வந்த இருமல் மழை நின்ற பிறகும் நிற்கவில்லை. அப்பா கடலுக்கு அப்பால், ஃபெர்னாண்டோ போ தீவில், கொக்கோத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஒப்பந்தம் முடியாமல் அவரால் வர முடியாது. இன்னும் கொஞ்ச நாளில் மழை வந்துவிடும்.

அம்மா கடைசி நேரம் வரை காத்திருந்ததற்குக் காரணம், காப்பு செல்லாமல் போகும் என்பதை அவள் நம்பாததுதான். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. அரசாங்கம் மனசு மாறிவிடும் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அரசாங்கம் மாறவில்லை. நாளை மாலை காப்பு வாங்குகிற மேசையை உள்ளே தூக்கி வைத்துவிட்டால், இந்த இரண்டு கூடையும் வெறும் கனம்தான்.

கடைசியில் நம்பிக் கிளம்புவதற்கு முன்னால் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் புதைத்த பானையிலிருந்து காப்புகளை எடுத்து, எலுமிச்சையும் மணலும் போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். இக்வோவும் கூட உட்கார்ந்து தேய்த்தாள். எலுமிச்சைச் சாறு பட்டு அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

அவர்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் கேட்டுப் போகும்போது, பெண் வீட்டுக்குக் கொடுக்கிற காப்பைப் பளபளவென்று தேய்த்துத்தான் கொண்டுபோவார்கள். கறுத்த காப்பைக் கொண்டுபோனால், 'எங்க பொண்ணு உனக்கு அவ்வளவு இளப்பமா' என்று கேட்டு, கொண்டுபோன ஆட்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு சம்பந்திக்கே அப்படியென்றால் அரசாங்கத்துக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா யோசித்தாள். அதனால் தேய்த்தாள்.

வெயில் ஏற ஏற, இரண்டு கூடையும் கண்ணைக் கூச வைத்தன.

"ஏம்மா, பொண்ணு கேக்க வந்த மாதிரி இருக்கே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீங்கன்னா, பொண்ணு வீட்டுக்காரர் யாரு? அந்த மேசையில உக்காந்திருக்கிற ஐயாவா?"

பேசியவர் உதோஃபியா. பக்கத்து ஊரில் கள் இறக்குபவர். வாட்டசாட்டமான ஆள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவர் கூடையைப் பார்த்தால் காப்பு இருப்பதே தெரியவில்லை. கறுப்புச் சேற்று உருண்டைகள்தான் தெரிந்தன.

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும், அதனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

"குளிக்காதவங்களுக்குக் குளிச்சவங்களைப் பாத்தா அப்படித்தான் தோணும்," என்றாள் அம்மா, திரும்பாமலே.

உதோஃபியா கோபித்துக்கொள்ளவில்லை. தன் காப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று அவரே கதையைச் சொன்னார். அவருக்கு அண்ணன் தம்பிகள் நாலு பேர். வீட்டில் புதைத்தால் அது ஐந்து பேருக்குச் சொந்தம். அதனால் சதுப்பில், தான் ஏறுகிற பனை மரத்தடியில், சேற்றுக்குள் புதைத்து வைத்தார். போன வாரம் தோண்டப் போனால், எந்த மரம் என்று மறந்துவிட்டது. இருக்கிற மரத்தடியையெல்லாம் தோண்டினார். அவர் என்ன தேடுகிறார் என்று பார்க்க அண்ணன் தம்பிகள் நாலு பேரும் வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அப்புறம்?" என்றாள் இக்வோ.

"அப்புறம் என்ன, அஞ்சு பேருக்கும் சொந்தம் ஆயிடுச்சு," என்றார் உதோஃபியா.

*

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் எஃபியோம். கலபார் நகரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, மூக்கில் கண்ணாடி. அக்டோபரிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. ஒரு காப்பை எடுப்பார், முனையைப் பார்ப்பார், மேசை மேலிருக்கும் கல்லில் தட்டுவார், பின்னால் எறிவார். அடுத்ததை எடுப்பார். அவருக்குப் பின்னால் காப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. காப்பின் களிம்பு ஏறி அவர் விரல்கள் பச்சை நிறமாக இருந்தன.

அம்மாவின் கூடையிலிருந்து முதல் காப்பை எடுத்தார். முனையைப் பார்த்தார். தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எப்போ வார்த்தது?" என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. இவையெல்லாம் தன் அம்மா காலத்திலிருந்து சேர்ந்தவை என்றாள். கொஞ்சம் கிழங்கு விற்றது, கொஞ்சம் எண்ணெய் விற்றது, கொஞ்சம் கல்யாணத்துக்கு வந்தது.

எஃபியோம் தலையை ஆட்டினார். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு ஆள் இப்படித்தான் பளபளவென்று ஒரு கூடை கொண்டுவந்தான் என்றார். பார்க்க அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டாராம். எல்லாம் புதிதாக வார்த்த போலி. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, அந்த நஷ்டத்தை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

"போலி இல்லைங்க ஐயா. கழுவிக் கொண்டுவந்தோம்," என்றாள் அம்மா. "மரியாதைக்கு."

"மரியாதை எனக்கு வேணாம்மா. பழைய காப்புதான் வேணும்."

"தட்டிப் பாருங்க. நல்லாத்தான் பாடும்."

எஃபியோம் தட்டிப் பார்த்தார். ணங் என்று நீளமாக ஒலித்தது. அவர் காப்பைக் கூடையிலேயே திருப்பிப் போட்டார்.

"ஆறு மாசமா இதே சத்தம்," என்றார். "இப்போ வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கூப்பிடுறதே இப்படித்தான் கேக்குது. என் காதை நான் நம்புறதில்லை. கண்ணை மட்டும்தான் நம்புறேன். ஓரமா எடுத்து வைங்க. அடுத்த ஆளு வாங்க."

இக்வோ அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுபக்கம் நீ பிடி என்று கண்ணால் காட்டினாள். அவ்வளவுதான். அது இக்வோவுக்குச் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

அவர்கள் கூடையை இழுத்து முடிப்பதற்குள் உதோஃபியாவின் கூடையும் திரும்பி வந்துவிட்டது.

"சேறு அப்பினதை எல்லாம் எடுக்க முடியாதுப்பா," என்று எஃபியோம் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? போலியை மறைக்கிறவன்தான் சேறு பூசிக் கொண்டுவரான்."

இக்வோ கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா," என்றாள். "சுத்தமா இருந்தாலும் வேணாங்கிறீங்க, அழுக்கா இருந்தாலும் வேணாங்கிறீங்க. எவ்வளவு அழுக்கா இருந்தா எடுத்துக்குவீங்க?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் அந்த அளவுக்குச் செய்துவிடலாமே என்றுதான் கேட்டாள். ஆனால் வரிசை முழுக்கச் சிரித்தது. எஃபியோம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வெயில்ல நிக்காத, பாப்பா. நிழலுக்குப் போ," என்று மட்டும் சொன்னார்.

*

மாமரத்து நிழலில் அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்தாள். இலையில் கட்டிக் கொண்டுவந்த மரவள்ளிக் களியைப் பிரித்தாள். பிரித்தவள் சாப்பிடவில்லை. இக்வோ பக்கம் தள்ளி வைத்தாள்.

"மறுபடி அழுக்காக்கிடலாம்," என்றாள் திடீரென்று. "ஓடைச் சேத்தை எடுத்துப் பூசி, புகையில காட்டி..."

"உதோஃபியா மாமா சேத்தோடதானேம்மா வந்தாரு. அவரையும் அனுப்பிட்டாங்களே."

"அப்போ கொஞ்சமா பூசுவோம்."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?"

"எனக்கென்னடி தெரியும்," என்றாள் அம்மா. கண்களை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மரத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். தூங்கும்போதும் ஒரு கை கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இக்வோவுக்கும் தூக்கம் வந்தது. ஆனால் மரத்தின் மறுபக்கம் கரக் கரக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தாள்.

உதோஃபியா கள் சீவுகிற கத்தியால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடிபட்ட கையால் பிடிக்க முடியாததால், காப்பைக் கால் விரல்களுக்கு நடுவில் இடுக்கி வைத்திருந்தார். கத்தி வழுக்கியது. அவர் கட்டை விரலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. அவர் காலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி இடுக்கினார்.

நம்மைக் கேலி செய்தவர்தானே, சுரண்டட்டும் என்று நினைத்தாள் இக்வோ. இன்னும் இரண்டு தடவை கரக் சத்தம் வரும் வரைக்கும்தான் அப்படி நினைக்க முடிந்தது. எழுந்து போனாள்.

"மாமா, கத்தி வேணாம். விரல் போயிரும்."

"போனா என்ன, இன்னும் ஒன்பது இருக்கே."

"எங்க வீட்டுல நான்தான் தேய்ச்சேன். எலுமிச்சை போட்டா அதுவா வந்துரும்."

"எலுமிச்சைக்கு நான் எங்க போறது? அதுக்கும் ஷில்லிங் கேப்பாங்களே."

இக்வோ சுற்றிலும் பார்த்தாள். வரிசைக்காரர்களுக்கு மீன் பொரித்து விற்கும் ஒரு அம்மாள் பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பிழிந்து எறிந்த எலுமிச்சை மூடிகள் கிடந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று இக்வோ கேட்டாள். பொறுக்கினால் எனக்குக் கூட்டுகிற வேலை மிச்சம் என்றாள் அந்த அம்மாள். பாவாடை மடியில் இக்வோ மூடிகளை நிரப்பிக்கொண்டாள்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் ஓடை. உதோஃபியா நல்ல கையால் ஒரு பிடி காப்புகளை அள்ளி வந்தார். இக்வோ கணுக்கால் நீரில் உட்கார்ந்து, முதல் காப்பை முக்கி, சேற்றைக் கரைத்தாள். சேறு போனதும் உள்ளேயிருந்து கறுப்பும் பச்சையும் படிந்த பழைய உலோகம் வந்தது. அதன் ஒரு முனையில் எலுமிச்சை மூடியையும் மணலையும் வைத்து அழுத்தித் தேய்த்தாள். உரிந்த விரல்களில் சாறு பட்டு எரிந்தது.

உதோஃபியா கரையில் உட்கார்ந்து, மணிக்கட்டு உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்திலிருந்து விழவில்லை. மரத்தை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் தன் ஆட்டுக் கயிறு தடுக்கி விழுந்தார். ஆனால் ஊரில் மரத்திலிருந்து விழுந்ததாகத்தான் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்.

இக்வோவின் கை நின்றது.

அவள் காப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தாள். ஒரு முனை பளபளவென்று மஞ்சளாக மின்னியது. மறுமுனை கறுப்பாக இருந்தது. நடுவில், அவள் விரல் எதுவரை போனதோ அதுவரை ஒரு கோடு.

"ஏன் பாதியில நிறுத்திட்ட? பாதிக் கூலிதான் தருவேன்னு நெனச்சியா?" என்றார் உதோஃபியா. "கூலியே கிடையாது. முழுசாத் தேய்."

"இருங்க மாமா. இதை இப்படியே வைக்கணும்."

"எதுக்கு?"

"ஐயாகிட்ட காட்ட."

*

காட்டுவது சுலபமாக இல்லை. வரிசையைத் தாண்டி மேசைக்குப் போகப் பார்த்தபோது, காவலுக்கு நின்ற நீதிமன்றச் சேவகர் தடியைக் குறுக்கே நீட்டினார். வரிசையில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். எல்லாரும் காலையிலிருந்து நிற்கிறவர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இக்வோ திரும்பி வந்து ஓடைக்கரையிலேயே காத்திருந்தாள். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் எல்லாரும் கை கழுவ அங்கேதான் வந்தாக வேண்டும்.

வெகுநேரம் கழித்து எஃபியோம் சரிவில் இறங்கி வந்தார். இடுப்பில் கை வைத்து, முதுகை ஒரு தரம் பின்னால் வளைத்தார். குனிந்து விரல்களைத் தேய்த்தார். பச்சை போகவில்லை. அது போகாது என்று அவருக்குத் தெரியும் போலிருந்தது. இருந்தாலும் தேய்த்தார்.

இக்வோ எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். காப்பைப் பொத்தி, கறுப்பு முனை மட்டும் தெரியும்படி நீட்டினாள்.

"ஐயா, இது பழசா, புதுசா?"

எஃபியோம் அலுப்போடு பார்த்தார். "இப்போ வேலை நேரம் இல்லை பாப்பா."

"ஒண்ணே ஒண்ணுதான் ஐயா."

"பழசு. பாத்தாலே தெரியுதே."

இக்வோ பொத்திய கையைத் திறந்து, காப்பைத் திருப்பி மறுமுனையைக் காட்டினாள். "இது?"

எஃபியோம் குனிந்து பார்த்தார். அவள் கையிலிருந்து காப்பை வாங்கினார். கறுப்பு முனையிலிருந்து மஞ்சள் முனை வரைக்கும் விரலால் தடவினார். அப்படியே கரையிலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என் காப்புங்க ஐயா," என்றார் உதோஃபியா. "நீங்க வேணாம்னு சொன்ன சேத்துக் காப்பு. இந்தப் பொண்ணு இப்போதான் கழுவினா. என் கண்ணு முன்னாலதான்."

"ஒரு மூடியைக் குடு," என்றார் எஃபியோம்.

இக்வோ எலுமிச்சை மூடியைக் கொடுத்தாள். அவரே கொஞ்சம் மணலை அள்ளி, கறுப்புப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தேய்த்தார். அங்கேயும் மஞ்சள் வந்தது. அவர் கட்டை விரலிலிருந்த பச்சையும் கொஞ்சம் போயிருந்தது. அதையும் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எங்க காப்பும் இதே மாதிரி கறுப்பாத்தான் இருந்துச்சு ஐயா," என்றாள் இக்வோ. "நாங்க பாதியில நிறுத்தல. அதான் தப்பாப் போச்சு."

எஃபியோம் காப்பைத் தண்ணீரில் அலசினார். பிறகு, பளபளப்பை வைத்துப் பழசா புதுசா என்று சொல்ல முடியாது என்று தெரிகிறது, ஆனால் அதனாலேயே உங்கள் காப்பு நல்ல காப்பு என்றும் ஆகிவிடாது என்றார். நியாயமான பேச்சுதான். இக்வோ தலையாட்டினாள்.

"உங்க அம்மாவைக் கூடையோட வரச் சொல்லு," என்றார். "இதையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேன். என் சாப்பாட்டு நேரம் போகுது. சீக்கிரம்."

அம்மாவை எழுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. ஐயா கூப்பிடுகிறார் என்றதும், என்ன தப்பு செய்தோம் என்று கேட்டாள். தப்பு ஒன்றும் இல்லை, கூடையைத் தூக்கு என்றாள் இக்வோ. உதோஃபியா நல்ல கையால் ஒரு பக்கம் பிடித்தார்.

ஆளில்லாத மேசையில் எஃபியோம் பாதி கழுவிய காப்பை வைத்தார். அதன் பக்கத்தில் அம்மாவின் காப்பு ஒன்றை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி போலப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேசைக்குக் கிட்டே கொண்டுபோனார். பழைய காப்பின் கழுவிய பக்கத்தில், ஊசியால் குத்தினது போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. எத்தனையோ கூடைகளில், எத்தனையோ காப்புகளோடு இடித்துக்கொண்ட தழும்புகள். அம்மாவின் காப்பிலும் அதே பள்ளங்கள் இருந்தன. தேய்த்தால் அழுக்குப் போகும். பள்ளம் போகாது.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து, அதிலிருந்து போலிக் காப்பு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது வாழைப்பழத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"ம்," என்றார் எஃபியோம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். முனை, தழும்பு, பின்னால் எறி. முனை, தழும்பு, பின்னால் எறி. அவசரப்படவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து வரிசை மறுபடி கூடியபோதும் அவர் அம்மாவின் இரண்டாவது கூடையில்தான் இருந்தார். வரிசையில் முதலில் நின்றவர், இவர்களுக்கு மட்டும் ஏன் முதலிடம் என்று கேட்டார். இவர்கள் காலையிலேயே வரிசையில் நின்று வந்தவர்கள் என்று சேவகர் பதில் சொன்னார்.

கடைசியில் கொஞ்சம் காப்புகளை அவர் தனியாக ஒதுக்கினார். அவை போலி இல்லை, முனை வேறு மாதிரி இருக்கிற வேறு வகை, இந்த மேசையில் அவற்றுக்கு விலை கிடையாது என்றார். அம்மா அவற்றை வாங்கிச் சும்மாட்டுத் துணியில் முடிந்துகொண்டாள். மற்றதற்கு ஷில்லிங் வந்தது. அது ஒரு சின்னத் துணிப்பைக்குள் அடங்கிவிட்டது. அம்மா பையைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு காலிக் கூடைகளையும் பார்த்தாள். இவ்வளவு நேரம் தூக்கி வந்தது இதுதானா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

"நீ கேட்டியே, எவ்வளவு அழுக்கு வேணும்னு," என்று எஃபியோம் இக்வோவைக் கூப்பிட்டார். "பாதி. சேத்தோட வந்தவங்களை ஒரு முனையை மட்டும் கழுவிட்டு வரச் சொல்லு. அழுக்கையும் பாத்துக்குறேன், தழும்பையும் பாத்துக்குறேன்."

அதை இக்வோ உதோஃபியாவிடம் சொன்னாள். உதோஃபியா அடுத்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சேற்றுக் காப்போடு வந்தவர்களெல்லாம் ஓடைக்கு இறங்கிவிட்டார்கள். மீன் பொரிக்கிற அம்மாள் எலுமிச்சை மூடிக்கு விலை சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள். தம்பியை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நடக்க வேண்டிய தூரம் காலையில் நடந்த அதே தூரம்தான். இக்வோ உதோஃபியாவின் கூடையைப் பார்த்தாள். அவர் காப்பைக் கால் விரலில் இடுக்கி, எலுமிச்சை மூடியை நல்ல கையில் பிடித்து, தேய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு சுழன்று சுழன்று தண்ணீருக்குள் விழுந்தது.

"அம்மா, கொஞ்ச நேரம்," என்றாள் இக்வோ.

அம்மா வானத்தைப் பார்த்தாள். காலிக் கூடைகளைக் கவிழ்த்து வைத்தாள். இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"குளிச்சவங்களைக் கேலி பண்ணினீங்களே," என்றாள் உதோஃபியாவிடம். "இங்க தள்ளுங்க அதை."

உதோஃபியா தள்ளினார். தன் பங்கு போக மிச்சம் நாலு பங்கும் அண்ணன் தம்பிகளுக்குத்தான் போகப்போகிறது, அதனால் ரொம்ப அழகாகத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று மாலைக்குள் அவர் முறை வரவில்லை. மறுநாள், கடைசி நாள், மதியத்துக்கு மேல் அவருடைய காப்புகளை எடுத்துக்கொண்டார்கள். மாலையில் மேசையை உள்ளே தூக்கி வைத்தார்கள். அப்போதும் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

சனிக்கிழமை அம்மா தகரம் வாங்கினாள். படுக்கிற அறைக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. சமையல் கொட்டகைக்குப் போதவில்லை. அங்கே அந்த வருஷமும் ஓலைதான்.